எங்கள் வீட்டில் அப்படி யாரும் இல்லை

என் தம்பியை முதன்முதலாக மனநல மருத்துவரிடம் அழைத்துப் போன அன்று அப்பாவும் கூட வந்தார். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருந்தது அந்த கிளினிக். "யாராச்சும் பார்த்தா பல்லுக்கு வந்தோம்னு சொல்லிக்கலாம்" என்றார் அப்பா, படியேறும்போதே. அவர் ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளி ஆசிரியர். எங்கள் சபையில் கமிட்டி உறுப்பினர். போத்தனூரில் எங்கள் தெருவில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுத வேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள்.

டாக்டர் நிதானமானவர். தம்பியிடம் அரைமணி நேரம் தனியாகப் பேசிவிட்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். எப்போதிலிருந்து இப்படி, சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்டு ஒரு படிவத்தில் எழுதிக்கொண்டே வந்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, "குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்குதுங்களா? உங்க அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க? மனசு சரியில்லாம போனவங்க, நாள்கணக்கா தூங்காம இருந்தவங்க, வீட்டை விட்டுப் போனவங்க?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுல அப்படி யாரும் இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா.

டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் இல்லை என்று தலையாட்டினேன். எனக்குத் தெரிந்தவரை அது உண்மைதான். அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

தம்பிக்கு அப்போது முப்பது வயது. கணபதி பக்கம் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சி.என்.சி. மெஷினுக்கு புரோகிராம் எழுதும் வேலை. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டு மாதமாகக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிக்க வைப்பதற்கே அம்மா மன்றாட வேண்டியிருந்தது. நான் சிங்காநல்லூரிலிருந்து வாரம் இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். ஒருநாள் சுவரைப் பார்த்துப் படுத்தபடியே சொன்னான்:

"அக்கா, நம்ம குடும்பத்துல ஒவ்வொருத்தரும் எவ்வளவு கஷ்டப்பட்டு மேல வந்திருக்காங்க. நான் ஒருத்தன்தான் எல்லாம் இருந்தும் இப்படிப் போயிட்டேன்."

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. நாங்கள் இருவரும் அப்பாவின் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மதியமும் சாப்பாடு முடிந்து எல்லாரும் கால் நீட்டி உட்கார்ந்ததும் அவர் ஆரம்பிப்பார். அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்தியூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் கூலிக்கு இருந்தவர்கள். அந்தக் கூலி வீட்டின் மூத்த பையனாகத் தான் செருப்பில்லாமல் மிஷன் பள்ளிக்கு நடந்து போனது, பண்ணைக்காரர் வழிமறித்து "படிச்சுப் போட்டு என்னடா, கலெக்டராவா ஆகப்போற?" என்று கேட்டதற்கு "ஆனா ஆகட்டுமுங்க" என்று பதில் சொன்னது, களத்து மண்ணில் குச்சியால் எழுதித் தங்கைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. அந்த "ஆனா ஆகட்டுமுங்க" வரும்போது நாங்களும் சேர்ந்து சொல்வோம். தம்பி ஏழாவது படிக்கும்போது பேச்சுப் போட்டியில் இதையே சொல்லிப் பரிசு வாங்கினான்.

டாக்டர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூன்றாவது வாரம் தம்பி எழுந்து உட்கார்ந்தான். தானாகக் குளித்தான், சவரம் செய்துகொண்டான். அம்மா போனில் அழுதுகொண்டே எனக்குச் சொன்னாள். அடுத்த வாரம் வேலைக்குப் போனான். அதற்கடுத்த வாரம் வீட்டை முழுக்கக் கழுவி, எல்லாச் சுவருக்கும் தானே பெயின்ட் அடித்தான். சாப்பிட உட்காரமாட்டான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். கம்பெனியில் மேனேஜரின் நாற்காலியில் போய் உட்கார்ந்து, பம்பின் டிசைனே தப்பு, எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று கத்தியிருக்கிறான். அன்றே அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்குப் புரியவில்லை. படுத்துக் கிடந்தவன் நடமாடுகிறானே என்று சந்தோஷப்பட்டோம். கொஞ்சம் அதிகமாகப் பேசுகிறான், போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தோம். டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது தம்பி எழுந்து போய் ஆயரிடமிருந்து மைக்கை வாங்கினான். ஏதோ சாட்சி சொல்லப் போகிறான் என்று ஆயரும் கொடுத்துவிட்டார். அரைமணி நேரத்துக்கு மேல் பேசினான். தனக்கு எல்லாம் தெரியும் என்றான். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அவரவர் பாவத்தைச் சொன்னான். நிச்சயம் செய்திருந்த பெண்ணும் அவளுடைய பெற்றோரும் மூன்றாவது பெஞ்சில் இருந்தார்கள். அவர்களைப் பற்றியும் சொன்னான். அப்பா எழுந்து போய் அவன் கையைப் பிடித்தார். உதறிவிட்டு ஆலயத்துக்கு உள்ளேயே இருந்த மாடிக்கு ஓடினான். மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று, தனக்கு ஒன்றும் ஆகாது, பாருங்கள் என்றான்.

குதித்துவிட்டான். கீழே இருந்த பெஞ்சின் மேல் விழுந்ததால் உயிர் தப்பியது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. ஆம்புலன்ஸில் போகும்போதும் சிரித்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்து பார்த்தார். மாத்திரையை நிறுத்தினார். எங்களை ஓரமாக அழைத்துப் போய் மறுபடியும் கேட்டார்: "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க பக்கத்துல யாராவது இந்த மாதிரி தூங்காம, ஓயாம பேசிட்டு, தாம்தூம்னு எதையாவது செஞ்சவங்க உண்டா?"

"இல்லீங்க" என்றார் அப்பா. குரல் கொஞ்சமும் மாறவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா என்னை ஆஸ்பத்திரி கேண்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அம்மா குடிக்கவில்லை. "உங்க அத்தைகிட்டப் போய்க் கேளு கண்ணு. நான் சொன்னேன்னு சொல்லாத" என்றாள்.

"என்னன்னு கேக்கறதும்மா?"

"எனக்கும் முழுசாத் தெரியாது. கல்யாணமான புதுசுல ஒருதரம் அவ வாய்தவறிச் சொன்னா. உங்கப்பாகிட்டக் கேட்டேன். ஒரு வாரம் எங்கிட்டப் பேசல. அதோட விட்டுட்டேன்."

அத்தை அப்பாவுக்குத் தங்கை. அந்தியூரைத் தாண்டி ஒரு ஊரில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் போனபோது வாசலில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். தம்பிக்கு நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியிலேயே முறத்தைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நிக்காம பேசறானா?"

"ஆமாங்கத்தை."

"தூக்கமே இல்லையா?"

"இல்லீங்க."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "எங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தான் கண்ணு. உங்கொப்பன் ரெண்டாவது."

நான் அப்பாதான் மூத்தவர் என்று சொன்னேன். முட்டாள்தனமாகத்தான் இருந்தது, ஆனால் வாயில் அதுதான் வந்தது. மிஷன் பள்ளிக்கு நடந்து போனதையும், பண்ணைக்காரரிடம் பதில் சொன்னதையும் சொன்னேன்.

"அதெல்லாம் பெரியவன் அம்மணி" என்றார் அத்தை. "இஸ்கோலுக்கு மொதல்ல போனது அவன்தான். பண்ணாடிகிட்ட எதுத்துச் சொன்னதும் அவன்தான். எனக்கு மண்ணுல எழுதிக் காட்டினதும் அவன். உங்கொப்பனுக்கும் அவன்தான் எழுத்துச் சொல்லிக் குடுத்தான். உங்கொப்பன் அதையெல்லாம் தான் செஞ்சதாவா சொல்றான்?"

நான் முறத்திலிருந்து ஒரு கடலைக்காயை எடுத்து உரித்தேன்.

பெரியப்பாவுக்கு இருபத்து நாலு வயதிருக்கும்போது ஆரம்பித்திருக்கிறது. முதலில் சில மாதம் மூலையில் படுத்தே கிடந்தாராம். பிறகு ஒருநாள் எழுந்து, ஊர் முழுக்கச் சுற்றி எல்லாரிடமும் பேச ஆரம்பித்தாராம். ஆடி மாதம் அந்தியூரில் திருவிழாவுக்குக் குதிரைகள் வந்திருந்தன. எல்லாக் குதிரைகளையும் தானே வாங்கப்போவதாக வியாபாரிகளிடம் பேரம் பேசியிருக்கிறார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. ஒரு வியாபாரி நம்பி, ஓட்டிப் பார்க்கச் சொல்லி வெள்ளைக் குதிரை ஒன்றைக் கொடுத்துவிட்டார்.

"அதுல ஏறி நேரா பண்ணாடி வளவுக்கே போயிட்டான் கண்ணு. அந்த வீதியில நாங்க செருப்புப் போட்டு நடக்கக்கூடாது. இவன் குதிரை மேல உக்காந்துட்டு, பண்ணாடியப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கான். இழுத்துப் போட்டு அடிச்சாங்க. எங்கப்பன் கால்ல உழுந்து கும்பிட்டுக் கூட்டியாந்தாரு. அவன ஊருக்குள்ள வெச்சிருந்தா ஒருத்தருக்கும் வேலை இல்ல, ஊடும் இல்லன்னுட்டாங்க. நாலு மாசம் ஊருக்கு வெளிய ஆட்டுப் பட்டியில கட்டிப் போட்டிருந்தோம். நான்தான் சோறு கொண்டுபோய் ஊட்டுவேன். கை ரெண்டும் கட்டியிருக்குமல்ல."

"அப்பறம்?"

"அப்பறம் உங்கொப்பன் பஸ்ல கூட்டிட்டுப் போனான். வரும்போது தனியா வந்தான். ஊருக்குள்ள பம்பாய்க்கு வேலைக்குப் போயிட்டதாச் சொன்னோம். எங்கம்மா சாகற வரைக்கும் அதையே சொன்னா. சொல்லிச் சொல்லி அவளுக்கே நம்பிக்கை வந்துருச்சு. கடுதாசி வந்துதான்னு தபால்காரர்கிட்டக் கேக்க ஆரம்பிச்சா."

எங்கே விட்டுவிட்டு வந்தார் என்று அத்தைக்குத் தெரியவில்லை. கேட்கவே இல்லை என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மருந்துக்கடைக்கு வெளியே சிமென்ட் பெஞ்சில் அப்பா டிபன் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை வீட்டுக்குப் போயிட்டு வந்தேனுங்கப்பா."

அவர் கேரியரின் பிடியைச் சரிசெய்தார். "எல்லாம் சொல்லிட்டாளா?"

"டாக்டர் ரெண்டு தடவை கேட்டாருங்க. ரெண்டாவது தடவை அவன் கால் முறிஞ்சு உள்ள கெடக்கறான். அப்பவும் ஏனுங்கப்பா சொல்லல?"

"சொன்னா அடுத்த கேள்வி என்ன கேப்பாங்க? அவரு இப்ப எங்க இருக்காருன்னு கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது?"

அதற்கு மேல் பேசமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் பேசினார். மருந்துச் சீட்டோடு ஆட்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். முழங்காலைப் பார்த்தபடி, பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"எங்காச்சும் தூரமா கொண்டுபோய் உட்டுட்டு வான்னு எங்கப்பா சொல்லிட்டாரு. எனக்கு இருபது வயசு. கோயமுத்தூர் எனக்கு அதுக்கு முன்னாடி தெரியாது. அன்னிக்குப் பார்த்து அவரு நல்லாத்தான் இருந்தாரு. பஸ்ல ஜன்னல் சீட்டை எனக்குக் குடுத்துட்டு அவரு தள்ளி உக்காந்தாரு. கையில கயிறு கட்டின புண்ணு ஆறாம இருந்துது. உக்கடத்துல குளத்துக் கரையில உக்கார வெச்சேன். டீ வாங்கிட்டு வாரேன், இங்கயே இருங்கண்ணான்னு சொன்னேன். சரின்னாரு. நான் பஸ் ஏறிப்போட்டேன். பஸ் திரும்பறப்ப பார்த்தேன். டீக்கடைப் பக்கமே பார்த்துட்டு உக்காந்திருந்தாரு."

எட்டு நாள் கழித்துத் திரும்பிப் போய்த் தேடியதாகச் சொன்னார். ஆள் இல்லை. விசாரிக்கவும் பயம், யாராவது நீ யார் என்று கேட்டுவிட்டால் என்று. பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலை கிடைத்தபோது கோயம்புத்தூரையே கேட்டு வாங்கி, போத்தனூரில் வீடு பிடித்தார். போத்தனூரிலிருந்து டவுனுக்குப் போகும் பஸ் உக்கடம் வழியாகத்தான் போகும். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த வழியாகப் போய்வந்திருக்கிறார். தேடத்தான் இங்கே வந்தீர்களா என்று கேட்டேன்.

"அதக் கேக்காத கண்ணு."

"அவரு கதைய ஏன் உங்க கதையாச் சொன்னீங்க?"

"அவரைப் பத்திச் சொல்லாம இருக்கவும் முடியல. அவருன்னு சொல்லவும் முடியல."

டாக்டரிடம் நான்தான் சொன்னேன். அவர் பழைய படிவத்தை எடுத்து, கோடு போட்டிருந்த இடத்தில் சின்ன எழுத்தில் எழுதினார். இது கீழேயும் போகும், மேலேயும் போகும் நோய் என்றார். கீழே இருக்கும்போது மட்டும் பார்த்தால் வெறும் மனச்சோர்வாகத்தான் தெரியும். அதற்கு மட்டும் மருந்து கொடுத்தால் சிலரை மேலே தூக்கி எறிந்துவிடும். "தெரிஞ்சிருந்தா இந்த மாத்திரையை மட்டும் தனியாக் குடுத்திருக்க மாட்டேன். ஆனா நோய் எப்படியும் ஒருநாள் வந்திருக்கும். எல்லாத்தையும் உங்க அப்பா தலையில போட்டுடாதீங்க" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "நானும் இன்னும் அடிக்கடி வரச்சொல்லிப் பார்த்திருக்கணும்" என்றார்.

மருந்தை மாற்றினார்கள். ஒரு மாதத்தில் தம்பி அடங்கினான். அடங்கியதும் தான் செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சபையில் யார் யாரைப் பற்றி என்ன சொன்னான் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டான். பெண் வீட்டார் ஒரு பெரியவரோடு வந்து மரியாதையாகவே பேசிவிட்டு நிச்சயத்தை முறித்துக்கொண்டு போனார்கள். கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அப்போதுதான் பெரியப்பாவைப் பற்றி அவனிடம் சொன்னேன். ஒரே நாளில் சொல்ல முடியவில்லை. குதிரை வரை ஒருநாள், மீதி மறுநாள். குதிரையைக் கேட்டபோது அவன் முகம் லேசாக மலர்ந்தது. "அப்ப நான் மொதல் ஆள் இல்லியாக்கா?" என்று கேட்டான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவன் குரலில் ஒரு உயிர் இருந்தது. சொன்னது நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் உக்கடத்தைச் சொன்னேன். அவன் கேட்டான்: "என்னையும் அப்பா எங்காச்சும் உட்டுட்டு வந்துருவாரா?"

வீட்டுக்கு வந்த பிறகும் பல வாரம் அவன் அப்பா கையால் எதையும் வாங்கவில்லை. மாத்திரையை அம்மாதான் கொடுக்க வேண்டும். பரிசோதனைக்குப் போக அப்பா ஆட்டோ கூப்பிட்டால் ஏறமாட்டான். அப்பா ஆட்டோவை அனுப்பிவிட்டு எனக்குப் போன் செய்வார். நான் பாடம் எடுக்கும் ஸ்கூலில் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஸ்கூட்டரில் வருவேன்.

பெரியப்பாவைத் தேட வேண்டும் என்று தம்பி பிடிவாதமாக இருந்தான். ஆதரவற்றோரை வைத்துப் பராமரிக்கும் இரண்டு மூன்று இல்லங்களில் போய்க் கேட்டோம். அத்தனை பழைய பதிவேடுகள் யாரிடமும் இல்லை. கடைசியாக, அந்த இடத்தையாவது பார்க்க வேண்டும் என்றான். அப்பாவும் வந்தார். உக்கடத்தில் இறங்கி மூவரும் நின்றோம். மேலே பாலம், கீழே இரண்டு பக்கமும் வண்டிகள். குளக்கரையில் நடைபாதை போட்டு, கம்பி அடித்து, பூச்செடி வைத்திருக்கிறார்கள். அப்பா கரையோரமாகக் கொஞ்ச தூரம் போனார், திரும்பினார், மறுபடி போனார். "இங்கதான் ஒரு புளியமரம்..." என்றார். "இல்ல, அக்கட்டால" என்று எதிர்ப்பக்கம் கை காட்டினார். வெயிலில் அரைமணி நேரம் அலைந்தோம். இடத்தை அவரால் காட்ட முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தம்பிதான் நொண்டிக்கொண்டே போய், "போதுமுங்கப்பா, வாங்க போலாம்" என்று அவர் தோளில் கைவைத்தான்.

வீட்டில் எதையும் மறைக்காமல் பேசினால் மனசு ஆறும் என்று சொல்வார்கள். நானும் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அப்பாவைப் பார்த்த பிறகு அவ்வளவு லேசாகச் சொல்ல வாய் வருவதில்லை. சொல்லிவிட்டதிலிருந்து அவர் உடைந்துவிட்டார். சபைக் கமிட்டியிலிருந்து விலகினார். விண்ணப்பம் எழுதக் கேட்டு வருபவர்களிடம் கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்புகிறார். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் மதியம் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் கதை கேட்கவில்லை. அம்மா டி.வி.யைப் போட்டாள். இப்போது அப்பாவும் அதே டாக்டரிடம் மாத்திரை வாங்குகிறார்.

என் மகளுக்குப் பதினாலு வயது. அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று என் கணவர் தடுத்தார். "சின்னப் புள்ள. எதுக்கு இப்பவே பயமுறுத்தற? நாளைக்கு வெளிய தெரிஞ்சா ஒரு எடம் அமையுமா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம். முழுவதும் கேட்டுவிட்டு, "எனக்கும் வருமாம்மா?" என்றாள்.

"வரலாம். வராமலும் போகலாம். வந்தா எங்கிட்ட மறைக்காத. நானும் மறைக்க மாட்டேன்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் மாமாவைப் பார்க்கப் போத்தனூருக்கு வரமாட்டேன் என்றாள். பரீட்சை நேரத்தில் ஒருநாள் சரியாகத் தூங்கவில்லை என்றால்கூட, பயந்துபோய் என்னிடம் வந்து சொல்கிறாள். சொல்லியிருக்க வேண்டாமோ என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். ஆனால் வந்து சொல்கிறாள்.

தம்பி இப்போது போத்தனூரிலேயே ஒரு சின்ன லேத் பட்டறையில் காலையில் மட்டும் வேலை பார்க்கிறான். மாத்திரையினால் கை லேசாக நடுங்குகிறது. அளவு பார்க்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு, டிராயிங் மட்டும் போட்டுத் தருகிறான். கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. நடுவில் ஒருமுறை மாத்திரையை அவனாகவே நிறுத்தி, மறுபடி பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இனியும் அப்படி நடக்கும் என்று டாக்டர் சொல்லித்தான் வைத்திருக்கிறார்.

ஸ்கூல் விடுமுறையில் நான் அங்கே போய்த் தங்குவதுண்டு. காலையில் அப்பா பல் துலக்கிவிட்டு வந்து தம்பியின் அறை வாசலில் நிற்பார்.

"தூங்கினியாப்பா?"

"தூங்கினேனுங்க. நீங்க?"

"கொஞ்சம்."

அப்பா நாளிதழை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போவார். தம்பி சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்குக் கிளம்புவான்.